சூட்டியின் பெரிய பேர்

பேர் வைத்த விஷயத்தில் பிரேமினி ஒரு பிழையும் விடவில்லை. இதை முதலே சொல்லிப்போட வேணும், ஏனென்றால் பிறகு அவளே தன்னைத் திட்டின திட்டுக்கு அளவில்லை. பிள்ளை பிறந்தது ரேவதி நட்சத்திரத்தில். ஊரிலிருந்து ஐயர் வட்ஸ்அப்பில் நாலு எழுத்து அனுப்பினார்: தே, தோ, ச, சி. சிசிலித் தீவில் இவர்கள் இருக்கிற பலேர்மோவில் பிள்ளை பிறந்து பத்து நாளுக்குள் பேரைப் பதிந்துவிட வேணும். ச, சி இரண்டிலும் இருந்த நல்ல பேரெல்லாத்தையும் மைத்துனிமார் தங்கள் பிள்ளைகளுக்கு வைத்து முடித்திருந்தார்கள். தோவில் மனுசருக்கு வைக்கிற மாதிரி ஒன்றும் அகப்படவில்லை. மிஞ்சினது தே.

தேன்மொழி, தேவகி என்று புருசன் வசீகரன் ஆசையாகச் சொல்லிப் பார்த்தான். "ஏன், தேங்காய் எண்டும் வைப்பமே?" என்று கேட்டாள் பிரேமினி. அவள் வாய் அப்படி. எங்கடை ஆக்களுக்குப் பேரென்றால் இரண்டு விஷயம் முக்கியம். எழுத்துச் சரியாக இருக்க வேணும். வேறு ஒருத்தரும் வைத்திருக்கக் கூடாது. கருத்தைப் பிறகு ஆறுதலாகப் பார்த்துக்கொள்ளலாம்.

எட்டாம் நாள் அவளுக்கு நினைவு வந்தது பக்கத்து ஊர்ப் பகேரியாவில் அவள் வேலை செய்த வீட்டின் அழைப்பு மணிக்குப் பக்கத்துப் பித்தளைத் தகடு. பிரேமினி பராமரிக்கப் போய்வந்த கிழவி, அயர்லாந்துக்காரி, ஒரு சிசிலிக்காரரைக் கட்டி ஐம்பது வருசத்துக்கு மேலாக இந்தத் தீவிலேயே இருந்து கைம்பெண்ணாகிப் போனவள். ஊரே அவளை சிஞ்ஞோரா, அதாவது அம்மணி, என்றுதான் கூப்பிட்டது. தகட்டில் மட்டும் சொந்தப் பேர் இருந்தது: தேர்த்ரா. சொல்லிப் பார்த்தால் வாய்க்குள் மணி அடித்த மாதிரி இருந்தது. தேயில் தொடங்கியது. சொந்தத்துக்குள் ஒருத்தருக்கும் இல்லை. எண்கணக்கும் ஆறு, நல்ல எண். பத்தாம் நாள் கொமுனே என்கிற நகரசபைக் கந்தோரில் பதிந்துவிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய், "உங்கடை பேரைத்தான் வைச்சிருக்கு" என்று சொன்னாள். சிஞ்ஞோரா கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தாள். பிள்ளையைப் பார்த்தாள். யன்னலுக்கு வெளியே பார்த்தாள். சந்தோசத்தில் வாயடைத்துப் போனாள் மனுசி என்று பிரேமினி நினைத்தாள். கடவுளே, அந்த நேரமாவது ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

பதிவுப் பேர் பாஸ்போட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும். வீட்டில் அவள் சூட்டி. வசீகரன் இந்த ஏழு வருசத்தில் ஒரு நாளாவது மகளைத் தேர்த்ரா என்று கூப்பிட்டதில்லை. குழந்தை வைத்தியரிடம் போனாலும் "சூட்டிக்குக் காய்ச்சல்" என்றுதான் தொடங்குவான். அந்த மனுசன் பாவம், சூட்டி என்றால் என்ன நோயென்று முதலில் குழம்பிப் போவார். பெரிய பேர் வசீகரனுக்கு வாயில் வரவே வராது. தன் பிள்ளை இல்லாத வேறு ஆரோ மாதிரிக் கிடக்கு என்பான்.

பிரேமினியை அறிந்தவர்கள் அவளை முதலில் கோபக்காரி என்றுதான் சொல்வார்கள். பகேரியா ரயில் அஞ்சு நிமிசம் பிந்தினாலும் ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் நின்று தமிழில் ஏசுவாள். பக்கத்தில் நிற்கிற சிசிலிக்காரிகள் ஒரு சொல்லும் விளங்காமலே தலையாட்டுவார்கள். ஆனால் அவளோடு பழகினவர்களுக்கு இன்னொன்று தெரியும். அவளுக்குப் பயம் வந்தாலும் கோபமாகத்தான் வரும். உண்மையாகவே பெரிய பயம் வந்தால் மட்டும் குரல் இறங்கிவிடும். பாலில் தோய்த்தெடுத்த மாதிரி மெதுவாகக் கதைப்பாள். அப்படி அவள் கதைத்தது அதுவரை ஒரே ஒரு தரம்தான்.

அது வன்னியில், சண்டை முடிந்த கிழமை. அவளுடைய அண்ணன் சுலக்சனை ஆமிக்காரர் பேர் பதிந்துவிட்டு விட்டுவிடுவார்கள் என்றார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர், பொய் சொல்லத் தெரியாத மனுசன், நான் பொறுப்பு என்று முன்னுக்கு நின்றார். அண்ணன் அவரோடு பஸ்ஸில் ஏறினான். "கவனமாப் போட்டு வா அண்ணா" என்று பிரேமினி மெதுவாகச் சொன்னாள். அண்ணனும் வரவில்லை, பொறுப்பு நின்ற பெரியவரும் வரவில்லை. பிரேமினிக்கு அப்போது இருபத்திரண்டு வயசு.

இனி இந்த மாசி மாதக் கதைக்கு வருவோம். மூன்று நாளாகச் சிரோக்கோ காற்று. பால்கனியில் காய்ந்த உடுப்பெல்லாம் ஆபிரிக்கா மண் படிந்து சிவப்பாய்ப் போயிருந்தது. அதை உதறி உதறி ஏசிக்கொண்டிருந்த நேரம் சூட்டி கொப்பியோடு வந்தாள். வகுப்பு மயெஸ்த்ரா வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறாவாம்: என் பேர் எங்கிருந்து வந்தது, அதன் கருத்து என்ன, அடுத்த மாதக் கண்காட்சிக்கு ஒரு பக்கம் எழுதி, படமும் கீற வேணும்.

"அது அயர்லாந்திலை ஒரு ராசாத்தியின்ரை பேர்" என்றாள் பிரேமினி. ஏழு வருசமாகக் கேட்கிற ஆக்களுக்கெல்லாம் அவள் எடுத்துவிடுகிற பதில் அதுதான். தானாகக் கட்டின கதை.

"எந்த ராசாத்தி அம்மா? அவ என்ன செய்தவ?"

"நாளைக்கு சிஞ்ஞோராவிட்டைக் கேட்டுக்கொண்டு வாறன். இப்ப போய் முகத்தைக் கழுவு."

அண்டைக்கு இரவுச் சாப்பாட்டில்தான் வசீகரன் தன் விஷயத்தைச் சொன்னான். துறைமுகத்தில் கப்பல் அறைகள் துப்புரவாக்குகிற வேலை அவனுக்கு; ஊருக்குப் போக லீவு கேட்டு அதுவும் கிடைத்துவிட்டது. பதினைந்து வருசமாக ஆமி முகாமுக்குள் கிடந்த அவர்களுடைய காணியை விடுகிறார்களாம். ஆள் நேரில் வந்து கையெழுத்து வைக்க வேணும், இல்லாவிட்டால் கை நழுவிப் போகும். அவனுடைய தாயும் படுக்கையில்.

"உங்கடை பேர் ஆமியின்ரை லிஸ்ற்றிலை கிடக்கெல்லோ?" என்று பாய்ந்தாள் பிரேமினி. பதினேழு வயசில் வசீகரனை இயக்கம் வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டு போனது. அஞ்சு மாதம் பங்கருக்கு மண் அள்ளினான். பிறகு ஆமியிடம் பேர் பதியாமல், ஒருத்தருக்கும் சொல்லாமல், கடல் தாண்டி வந்தவன்.

"இல்லையாம். மார்க்கண்டு மாமா போய் விசாரிச்சவர். பேர் ஒண்டும் இல்லை, பயப்பிடாமல் வரச் சொல்லுங்கோ எண்டு அவையளே சொன்னவையாம். மாமா, தான் பொறுப்பாம்."

மார்க்கண்டு மாமா வசீகரனின் தாய்மாமன். இளைப்பாறின அதிபர். ஊரில் கோயில் கூட்டமோ, அன்னதானமோ, வாசிகசாலைத் திறப்போ, தலைமை தாங்க அவர்தான். கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்லவே தெரியாத மனுசன். அவர் சொல்லில் பிழை பிடிக்க ஏலாது. பிரேமினிக்கும் அது தெரியும். தெரிந்தபடியால்தான் அண்டைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மற்ற நாள் பகேரியாவில் சிஞ்ஞோராவுக்குக் கால் பிடித்துவிட்டுக்கொண்டே பேரின் கருத்தைக் கேட்டாள். கிழவி சிகரெட்டை அணைத்தாள். பாதிச் சிகரெட்டை அணைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"பிள்ளைக்கு வேறு ஏதாவது எழுதிக் கொடு."

"ஏன் சிஞ்ஞோரா? சொல்லுங்கோ."

"கருத்து ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. அவ்வளவு பழைய பேர். வெறுமனே பெண் என்று சொல்வார்கள் சிலர். சலசலவென்று கத்துகிறவள் என்பார்கள் சிலர். ஆனால் எங்கள் நாட்டில் யாரைக் கேட்டாலும் ஒன்றுதான் சொல்வார்கள். துக்கம்."

பிரேமினியின் கை நின்றுவிட்டது.

பிறகு சிஞ்ஞோரா சொன்னாள், வேண்டாவெறுப்பாக, யன்னலைப் பார்த்தபடி. அந்தப் பேரை முதன்முதல் சுமந்தவள் தாயின் வயிற்றுக்குள் கிடக்கும்போதே வீறிட்டுக் கத்தினாளாம். விருந்துக்கு வந்திருந்த வீரர்கள் வாளை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டார்களாம். குறி சொல்கிறவன் வந்து வயிற்றில் கை வைத்து, உள்ளே இருப்பது பெண், அழகி, அவளால் ஆண்கள் சாவார்கள் என்று சொல்லி, அவனே அந்தப் பேரையும் வைத்தான். அரசன் அவளை ஒளித்து வளர்த்தான், தான் கட்டுவதற்கு. அவளோ தனக்குப் பிடித்தவனோடு கடல் தாண்டி ஓடிப் போனாள். அந்நிய நாட்டில் கொஞ்சக் காலம் நன்றாகவே இருந்தார்கள்.

"பிறகு?"

"பிறகு அரசன் ஆள் அனுப்பினான். எல்லாம் மன்னித்தாயிற்று, ஊருக்குத் திரும்பி வாருங்கள் என்று. அவளுக்கு மட்டும் மனம் சொல்லியது, போகாதே என்று. புருசன் கேட்கவில்லை. ஊர் ஞாபகம்."

சிஞ்ஞோரா சொல்லி முடிக்க முதல் பிரேமினி கேட்டது ஒரு கேள்விதான். "ஆர் பொறுப்பு நிண்டது?"

கிழவி திரும்பிப் பார்த்தாள். இந்தக் கதையைக் கேட்டு ஒருவரும் இதை முதலில் கேட்டதில்லை.

"ஒரு நல்ல மனிதன். அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் அவனுக்கு ஒரு விரதம் இருந்தது. விருந்துக்கு யார் அழைத்தாலும் மறுக்கக் கூடாது. அரசனுக்கு அது தெரியும். வழியில் ஒரு விருந்தை ஏற்பாடு செய்தான். பொறுப்பு நின்றவன் அங்கே சாப்பிட உட்கார்ந்தான். இவர்கள் அவன் இல்லாமல் அரண்மனைக்குப் போனார்கள்."

அதற்குப் பிறகு நடந்ததைச் சிஞ்ஞோரா இரண்டு வசனத்தில் முடித்தாள். புருசனைக் கொன்றார்கள். அவள் ஒரு வருசம் சிரிக்காமல் இருந்துவிட்டுத் தலையைக் கல்லில் மோதிச் செத்தாள்.

"ஏன் சிஞ்ஞோரா எனக்கு இதை முதலே சொல்லேல்லை?" பிரேமினி கத்தினாள். கத்தினது நல்லது, கோபம் இன்னும் இருந்தது.

"ஆசை" என்றாள் கிழவி. "எனக்குப் பிள்ளை இல்லை. எனக்குப் பிறகு என் பேரைச் சொல்ல ஒரு சீவன் இருக்கட்டும் என்று வாயைப் பொத்திக்கொண்டேன். என்னை மன்னித்துவிடு."

வீட்டுக்கு வந்து பிரேமினி வசீகரனோடு பிடித்த சண்டை நாலாம் மாடிக்குக் கேட்டது. அவன் முதலில் சிரித்தான். "இஞ்சரும், ஆரோ வெள்ளைக்காரியின்ரை கதைக்கு நான் ரிக்கற்றைக் கிழிக்கிறதே? பேரிலை என்ன கிடக்கு?"

"பேரிலை ஒண்டும் இல்லையெண்டால் ஏன் லிஸ்ற்றிலை தேடுறாங்கள்?"

அவன் ரிக்கற்றை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான், "அம்மா என்னைத்தான் கேட்டுக்கொண்டு கிடக்கிறாவாம் பிரேமி. நான் என்ன செய்ய?" பிரேமினி அவனுடைய பாஸ்போட்டை ஒளிக்கலாம் என்று யோசித்தாள். அலமாரிவரைக்கும் போய்க் கையில் எடுத்தும் பார்த்தாள். தாய் செத்து, இவன் போகாமல் இருந்து, பிறகு வாழ்நாள் முழுக்க அந்த முகத்தைப் பார்க்க வேணுமே. திருப்பி வைத்துவிட்டாள்.

ஞாயிறு பெல்லெக்ரினோ மலைக் கோயிலுக்கு நடந்தே ஏறினாள். றோசலியா மாதாவிடம் சைவம், கிறிஸ்தவம் என்ற பேதம் பலேர்மோத் தமிழருக்கு இல்லை. மெழுகுதிரி கொளுத்தினாள். காற்று மூன்று தரம் அணைத்தது. நாலாம் தரம் கொளுத்தாமல் இறங்கி வந்தாள்.

வெளிக்கிடுகிற அண்டு, ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் விமான நிலைய ரயில் நிற்கும்போது, அவன் கையைப் பிடித்தாள். "இஞ்சருங்கோ. ஒண்டு செய்யுங்கோ. ஒவ்வொரு நாளும் எடுங்கோ. எடுத்தால் சூட்டி என்ன செய்யிறாள் எண்டு கேளுங்கோ. எல்லாம் சரியெண்டால் சூட்டி எண்டு கேளுங்கோ. ஏதும் பிழையெண்டால், பக்கத்திலை நிண்டு ஆரும் கேட்டுக்கொண்டு இருந்தால், பெரிய பேரைச் சொல்லுங்கோ."

"விசரி" என்றான் வசீகரன். ஆனால் சிரிக்கவில்லை.

"சிஞ்ஞோராவுக்குத் தெரிஞ்ச லோயர், அவ்வொகாத்தோ ஒருத்தரிட்டைச் சொல்லி வைச்சிருக்கு. அந்தப் பேர் கேட்டால் உடனை அவர் இஞ்சையிருந்து தூதரகத்துக்கு அடிப்பார். நாலு பேருக்குத் தெரிஞ்சிட்டால் உங்களை ஒளிக்க மாட்டாங்கள். ஓம் எண்டு சொல்லுங்கோ."

"ஓம்."

சூட்டி தகப்பனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, வரும்போது பனங்கட்டி கொண்டுவரச் சொன்னாள். ரயில் வெளிக்கிட்டது. அண்டைக்கு ரயில் நேரத்துக்கு வெளிக்கிட்டதற்கும் பிரேமினி ஏசினாள்.

முதல் நாள் ஒரு மணிக்கு எடுத்தான். மாமா விமான நிலையத்துக்கு வந்தவராம், ஒரு கரைச்சலும் இல்லையாம். "சூட்டி என்ன செய்யிறாள்?" இரண்டாம் நாள் தாயைப் பார்த்தானாம், அடையாளம் கண்டு அழுதாவாம். "சூட்டி சாப்பிட்டவளோ?" மூன்றாம் நாள் காணியின் எல்லைக் கல்லைக் காட்டினான், வீடியோவில். பின்னால் மாமா வெள்ளை வேட்டியோடு நின்று கை காட்டினார். "சூட்டியைக் கூப்பிடும், அவளுக்கு ஒரு மயில் காட்டவேணும்." நாலாம் நாளும் அஞ்சாம் நாளும் அப்படியே. பிரேமினிக்குத் தன்னை நினைக்கவே வெட்கமாக இருந்தது. கிழவியின் கதையைக் கேட்டு என்ன ஆட்டம் ஆடிவிட்டோம் என்று றோசமலரிடம் சொல்லிச் சிரித்தாள். றோசமலர் அவளோடு ரயிலில் வருகிற சிநேகிதி. நாளைக்குக் கையெழுத்து, நாளையிண்டைக்கு விமானம்.

ஆறாம் நாள் சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லாதபடியால் சூட்டியையும் பகேரியாவுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். பிள்ளை குசினி மேசையில் கொப்பியை விரித்து வைத்து, முடி சூடின ராசாத்தி ஒருத்தியைக் கீறிக்கொண்டு இருந்தாள். சிஞ்ஞோரா பக்கத்தில் இருந்து நிறப் பென்சில் சீவிக் கொடுத்தாள். கருத்து என்ற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. அதற்கு என்ன எழுதுவதென்று பெரியவர்கள் இரண்டு பேரும் இன்னும் முடிவு எடுக்கவில்லை.

காலை ஒன்பதரைக்குப் போன் அடித்தது. ஒரு மணிக்கு வரவேண்டிய அழைப்பு. வீடியோ இல்லை, குரல் மட்டும்.

"பிரேமினி" என்றான் வசீகரன். அவன் அவளைப் பிரேமி என்றுதான் கூப்பிடுவான். "நான் சுகமா இருக்கிறன்."

"கையெழுத்து வைச்சாச்சே?"

"இன்னும் இல்லை. ஒரு சின்ன விசாரணை எண்டு வரச் சொன்னவை. வந்திருக்கிறன். கொஞ்சம் சுணங்கும் போலை."

"மாமா பக்கத்திலையோ?"

"இல்லை." மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "காலமை ஆக்கள் வான் கொண்டுவந்து மாமாவைக் கூட்டிக்கொண்டு போட்டினம். எங்கையோ ஒரு கோயிலிலை அன்னதானமாம். தலைமை தாங்கச் சொல்லி."

பிரேமினி கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். சொல்லிப்போடாதேங்கோ, மற்றதைச் சொல்லிப்போடாதேங்கோ என்று மனம் கிடந்து கத்தியது. சூட்டி என்று சொல்லுங்கோ. ஒரு தரம் சூட்டி என்று சொல்லிவிடுங்கோ.

போனுக்குள் ஆரோ சிங்களத்தில் ஏதோ சொன்னார்கள். கதவு ஒன்று சாத்தினது.

"சரி, வைக்கப் போறன்" என்றான். பிறகு, ஏழு வருசத்தில் முதல் தரமாக, பழக்கமில்லாத வாயால் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். "தேர்த்ரா என்ன செய்யிறா?"

பிரேமினி கத்தவில்லை. குரல் தானாக இறங்கி, மெதுவாக, பதினேழு வருசத்துக்கு முன் அந்தப் பஸ் வாசலில் வந்த அதே மாதிரி வந்தது. "தேர்த்ரா படம் கீறுறா. ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. கவனமா இருங்கோ என்ன."

அவளுக்கு விளங்கிவிட்டது என்று அவனுக்கும் விளங்கியிருக்கும். போன் நின்றது.

சிஞ்ஞோராவுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. அந்தப் போன் பேச்சு முழுக்க அவளுக்கு விளங்கினது ஒரே ஒரு சொல்தான், அவளுடைய சொந்தப் பேர். கையிலிருந்த பென்சிலை வைத்துவிட்டு, இடுப்பு முறிந்த அந்த எண்பத்திநாலு வயசு மனுசி, தடியைத் தேடாமலே எழும்பிச் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய், அவ்வொகாத்தோவின் நம்பரை அழுத்தத் தொடங்கினாள்.

"அம்மா" என்றாள் சூட்டி, படத்திலிருந்து தலையை எடுக்காமல். "அப்பாவோடை கதைக்கேக்கை நீங்கள் ஏன் என்ரை பெரிய பேரைச் சொன்னனீங்கள்?"